டீச்சர் லீவு!

"இன்றைக்கு எங்கள் டீச்சர் லீவு!" என்று குழந்தை குதித்துக் கொண்டு வந்தால் உங்களுக்கும் சிரிப்புத்தான் வரும். அடுத்த வகுப்பு உபாத்தியாயினியை நினைத்துப் பார்த்தீர்களோ?

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 குழந்தைகள் வரையுள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் இருந்தால் போதும். ஒருவருக்கு ஜுரம் வந்துவிட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்! ஒரு பக்கம் 'அ, ஆ'. மறு பக்கம் வகுத்தல் கணக்கு. நடுவில் மத்தியானச் சாப்பாட்டு மேற்பார்வை வேறு.

இரண்டு நாள் என்றால் சமாளிக்கலாம். பிரசவமென்றால்? தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2021-இல் மகப்பேறு விடுப்பை 12 மாதமாக்கினார்கள். ரொம்ப நல்ல காரியம். (முணுமுணுப்பவர்கள் பிள்ளை பெற்றுப் பார்க்கட்டும்!) ஆனால் அவள் வகுப்பு? பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை 'மாற்றுப் பணி' என்று அனுப்புவதுண்டு. அந்தப் பள்ளியிலும் இருப்பது இரண்டே பேர் என்றால், அங்கே யாரை அனுப்புவது, சொல்லுங்கள்?