தொடாமல் வளர்க்கும் கலை

குச்சிப்பூச்சி வளர்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: கையைக் கட்டிக்கொண்டு பார்க்கப் பழகுங்கள்.

நான் வளர்ப்பது கராசியஸ் மோரோசஸ் என்ற இனம். நம் பழனிமலையைச் சேர்ந்தது. செண்பகனூரில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டு 1901-ல் சினெட்டி என்பவர் இதற்குப் பெயரிட்டு விவரித்தார். பிறகு ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் இது பெருகியது. ஆறு கால்களும் எப்படி இசைந்து நடக்கின்றன என்று ஜெர்மனியில் பல ஆண்டுகள் ஆராய்ந்ததும் இதை வைத்துத்தான்.

வளர்ந்த பெண் 8 முதல் 10 செ.மீ. நீளம் இருக்கும், இறக்கை கிடையாது. பகலில் முன்னங்கால் இரண்டையும் தலைக்கு முன்னால் நேராக நீட்டிவிடும். தொடையின் அடிப்பகுதி உட்புறம் வளைந்திருப்பதால் தலை அந்த வளைவில் அடங்கிவிடும். தொடையின் உள்பக்கச் சிவப்பும் மறைந்துபோகும். இப்போது தலை எது, கால் எது என்று தெரியாது. இரவில்தான் இரை தேடும். என் கூண்டில் மருந்தடிக்காத ரோஜா இலைதான் உணவு; அதில் தெளிக்கும் நீர்த்துளிகளைக் குடித்துக்கொள்ளும்.

நம் பொறுமைக்குச் சோதனை தோலுரிக்கும்போதுதான். பெரிதாவதற்குள் ஐந்தாறு முறை உரிக்கும். தலைகீழாகத் தொங்கியபடி பழைய தோலிலிருந்து நழுவி இறங்கும். கூண்டின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும்; குறைந்தால் கால்கள் கோணிக்கொள்ளும். பாதியில் சிக்கிக்கொண்டதுபோல் தோன்றினாலும் இழுத்துவிடக் கூடாது. புதிய உடம்பு அப்போது அவ்வளவு மென்மை. குஞ்சுப் பருவத்தில் கால் போனால் அடுத்தடுத்த தோலுரிப்பில் மறுபடி முளைக்கும். முழு வளர்ச்சிக்குப் பின் அதற்கு வழியில்லை. உரித்த தோலைப் பெரும்பாலும் அதுவே தின்றுவிடும்.

இந்த இனத்தில் ஆண் மிக அரிது. இணை சேராமலே பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அவற்றிலிருந்து பெண்களே பிறக்கும். முட்டை பழுப்பு நிற விதை போலவே இருக்கும், ஒரு முனையில் மஞ்சள் குமிழோடு. மரத்திலிருந்து விழுந்த விதையென்றே கண் ஏமாறும். கூண்டின் அடியில் எச்சத்தோடு கலந்து கிடக்கும்.

பூச்சியை அதன் போக்கில் விடலாம். முட்டைகளை அப்படி விட முடியாது. குப்பையோடு வெளியே போகும் ஒரு முட்டையே ஒரு கூட்டத்தைத் தொடங்கப் போதும். கலிபோர்னியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இது அயலினமாகக் குடியேறியிருக்கிறது. ஆகவே கூண்டைக் கூட்டிய குப்பையைச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து, அதன் பிறகே கொட்டுகிறேன். வளர்க்கும் ஆசை உள்ளவர் இந்த வேலையையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.