போன நாளுக்கு யார் கணக்கு?

எலுமிச்சையைச் சாக்கில் கட்டி வேனில் ஏற்றுமுன், வாசுதேவநல்லூர்த் தோட்டக்காரர் புளியங்குடி கமிஷன் கடைக்குப் போன் போடுகிறார். "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன வெல போவுது?" அந்தப் பக்கம் "கிலோ..." என்றதோடு லைன் அறுந்துவிட்டது. வரப்பு மேல் ஏறி, கிணற்றுமேட்டுக்கு வந்து, மறுபடி அடிக்கிறார். வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். விலை தெரியாமலே லோடு கிளம்புகிறது.

மலையடிவாரம், அதனால்தான் சிக்னல் இல்லை என்பார்கள். மேற்கே மலை மறிப்பது உண்மைதான். கரண்ட் போய், டவரில் பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஆள் வராததற்கும் மலையா காரணம்?

மலை மறிக்காமலே சிக்னல் போன 2018 பிப்ரவரியை மறக்க முடியாது. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் செல்போன் கம்பெனி, டவர் கம்பெனிகளுக்குப் பாக்கி வைத்து, மாநிலம் முழுக்க சிக்னல் இழந்தது. மாதக் கடைசியில் திவால் மனு. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். மெசேஜ் போகவே சிக்னல் கிடையாது! ஆதாரை சிம்மோடு இணைக்கச் சொல்லிக் கடைக்குக் கடை கைரேகை வைத்த சமயம் அது. பேங்க், கேஸ் எல்லாம் அந்த ஒரே நம்பரில். ஜனங்கள் பதறியதில் என்ன தப்பு?

இழப்புக்கு ஈடு தர விதியே வராமல் இல்லை. கால் அறுந்தால் ஒரு ரூபாய், நாளைக்கு மூன்று ரூபாய் வரை திருப்பித் தரவேண்டும் என்று 2015-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட்டது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2024-ல் புது விதி. மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால், போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. நல்லதுதான். ஆனால் தென்காசி மாவட்டம் எவ்வளவு பெரியது! வாசுதேவநல்லூரில் ஒரு டவர் இரண்டு நாள் படுத்துக் கிடந்தாலும் அந்தக் கணக்கில் வராது. முன்பணம் கட்டியிருக்கிறோம், கம்பெனிக்காரர்கள் 28 நாள் என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். 29-ம் நாள் காலையில் அவுட்கோயிங் நின்றுவிடுகிறது. அவர்கள் நாளை எண்ணுவதில் பிசகுவதே இல்லை. நமக்குப் போன நாளை மட்டும் எண்ணுவதற்கு ஆளில்லை. இதுதான் எனக்கு ஆறவில்லை.

198-க்குப் போன் போட்டுப் புகார் சொன்னால் டாக்கெட் நம்பர் தருவார்கள். அதைக் காலண்டரிலாவது குறித்து வைக்க வேண்டும். தீராவிட்டால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2022-ல் உச்ச நீதிமன்றமே அப்படிப் போகலாம் என்று சொல்லிவிட்டது. ஒரு ரீசார்ஜ் காசுக்காக யார் கோர்ட் ஏறுவார் என்ற தைரியம்தான் கம்பெனிகளுக்கு.

டவர் வாரியாகக் கணக்கு வேண்டும். எந்த டவர் எத்தனை மணிக்கு அணைந்தது என்பது கம்பெனியின் கண்காணிப்பு அறையில் அப்போதே பதிவாகிறது. அதை வைத்தே, அந்த டவரை நம்பியிருப்பவர்களுக்கு நாளைக் கூட்டிக் கொடுக்கலாம். யாரும் மனு எழுதிக் கேட்க வேண்டியதே இல்லை.