கரை சேரும் அளவுக்கு

காலை ஆறு மணிக்கெல்லாம் அடையாற்றங்கரையில் படகுகள் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டன. பொழுதுபோக்காகத் துடுப்பு வலிக்கிறவர்கள்தான் எல்லோரும்: கல்லூரி மாணவி, வங்கி அதிகாரி, ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர். எனக்கு அவர்களைவிட போட்மேனைப் பார்க்கத்தான் ஆசை. எது எப்போது கழலும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஒற்றையாள் படகு ஒன்றை ஸ்டாண்டில் கவிழ்த்துப்போட்டு அடியைத் தடவிக்கொண்டிருந்தார். எட்டு மீட்டருக்கு மேல் நீளம். போட்டிப் படகென்றால் 14 கிலோ இருந்தாலே போதும். தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு அடி அகலம்கூடக் கிடையாது. அடியில் உள்ளங்கையளவு ஃபின். ஆற்றில் மிதக்கும் பிளாஸ்டிக் பையும் ஆகாயத்தாமரைத் தண்டும் மாட்டுவது இதில்தான். மாட்டினால் படகு ஓடாது. ஃபின் உடைந்தால் நேராகப் போகாது.

நிமிர்த்தியதும் கை ரிக்கருக்குப் போயிற்று. பக்கவாட்டில் நீளும் அந்த அலுமினியச் சட்டத்தின் நுனியில் துடுப்பை மாட்டும் கேட் இருக்கிறது. இவ்வளவு ஒல்லியான படகைக் கவிழாமல் தாங்குவதே இரண்டு பக்கமும் விரிந்த துடுப்புகள்தான். கேட் திறந்து ஒரு துடுப்பு நழுவினால் ஆள் தண்ணீருக்குள். எனவே கேட்டின் திருகை விரலால் முடுக்கிவிட்டு, போல்ட்டுகளை பத்து எம்.எம். ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "டைட்டா இருந்தா போதும் சார். பலத்தைக் காட்டினா மரை போயிடும்" என்றார். கடைசியாக, படகுக்குள் கால் வைக்கும் பலகையில் பொருத்தியிருந்த ஷூவின் குதிகாலைத் தூக்கினார். கட்டியிருந்த கயிறு ஏழு சென்டிமீட்டருக்குள் பிடித்து நிறுத்தியது. கயிறு அறுந்திருந்தால் ஷூவும் காலோடு சேர்ந்து எழும்பும், கவிழ்ந்தவரால் காலை உருவ முடியாது. சோதனைகளில் இதைத்தான் அதிகம் பேர் தவிர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதலில் வர வேண்டும்.

பயிற்சியாளரின் மோட்டார் படகில் நானும் ஏறிக்கொண்டேன். பாதி தூரத்தில் இரட்டையர் படகொன்று தடுமாறி நின்றது. பின்னால் இருந்த வங்கி அதிகாரியின், சக்கரங்களில் முன்னும் பின்னும் உருளும் சீட் தண்டவாளத்தை விட்டு இறங்கியிருந்தது. ஒரு சக்கரம் உடைந்துவிட்டதாம். அவர் துடுப்பை விட்டுவிட்டு சீட்டைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தார். படகு சரேலென்று சாய்ந்தது. "மேடம், கைப்பிடிய விடாதீங்க!" என்று பயிற்சியாளர் கத்தினார். "துடுப்ப தண்ணி மேல படுக்கப் போட்டு அப்படியே உக்காருங்க. முன்னாடி இருக்கற பொண்ணு வலிக்கட்டும்." மாணவி மெதுவாக வலிக்க, பின்னால் இருந்தவரின் துடுப்புகள் இருபுறமும் நீரில் தட்டையாகக் கிடந்து படகைத் தாங்கின. தனியாள் படகாக இருந்தால் சீட்டை அசைக்காமல் இடுப்பாலும் கையாலும் மட்டும் வலித்துத் திரும்பலாமாம். நடு ஆற்றில் ரிப்பேர் பார்ப்பதில்லை, கரை சேர வழி பார்ப்பதோடு சரி.

சீட் பெரிய ஆட்களையும் விடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இலகு எடை இரட்டையர் இறுதிப் போட்டி தொடங்கியதுமே பிரிட்டனின் ஸாக் பர்ச்சேஸின் சீட் பழுதானது. முதல் 100 மீட்டருக்குள் என்பதால் பந்தயத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். டென்மார்க் ஜோடி தங்கம், பிரிட்டனுக்கு வெள்ளி. நூறு மீட்டர் தாண்டியிருந்தால் அந்தச் சலுகை கிடைத்திருக்காது.

கரையில் போட்மேன் சீட்டைக் கவிழ்த்து பெஞ்சில் வைத்தார். உடைந்த சக்கரத்தின் அச்சில் நீளமான தலைமுடி சுற்றிச் சுற்றி, கறுப்புப் பசை போட்டு அழுத்தியதுபோல் இறுகியிருந்தது. முடியும் மணலும் சேர்ந்தால் சக்கரம் உருளாமல் தேய்கிறது, தேய்ந்தது ஒருநாள் உடைகிறது. ஈரத்துணியால் தண்டவாளத்தை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார், துணி கரியானது. தினமும் துடைத்தால் இவ்வளவு வராது என்றார், யாரையும் பார்க்காமல்.

அடுத்த வேலை, படகைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவது. முகத்துவாரம் பக்கத்திலேயே இருப்பதால் ஓதத்தில் உப்புநீர் ஏறும். அலுமினிய ரிக்கரில் ஸ்டெயின்லெஸ் போல்ட்; இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு தங்கினால் அரித்து இறுகிக்கொள்ளும். ஸ்பேனர் போட்டால் போல்ட் தலைதான் முறியும். கழுவுவதும் மரையில் கிரீஸ் தடவுவதும் அலுப்பான வேலைதான், அதனாலேயே விட்டுப்போகிறது.

வங்கி அதிகாரிக்கு மறுநாளும் அதே படகுதான் வேண்டும். "பக்கத்து போட்ல இருக்கற சீட்டை மாத்திக் குடுங்களேன் அண்ணா" என்றார்.

"அது வேற கம்பெனி மேடம், தண்டவாள அகலம் ஒத்துவராது. நாளைக்கு வேற போட் எடுத்துக்குங்க."

ரிக்கரில் சிவப்புத் துணி கட்டி, நோட்டில் படகின் பெயரை எழுதி, பக்கத்தில் 'சீட்' என்று குறித்துக்கொண்டார்.