கூடம் உண்மையிலேயே கோணலோ?



பழமொழி சொல்லாமல் டீச்சரால் ஒரு பீரியட்கூட நடத்த முடியாது என்று நீங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசியது எனக்குத் தெரியும். இன்று பழமொழிகளோடே வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கடைசியில் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

அவர் பெயர் ஆர்வோ கிரிக்மன். ஊர், பால்டிக் கடலோரம் இருக்கும் எஸ்தோனியா. சின்ன நாடு. 1939 ஜூலையில் பிறந்தார். அடுத்த வருஷமே நாடு சோவியத் யூனியனோடு சேர்க்கப்பட்டுவிட்டது. தார்த்து பல்கலைக்கழகத்தில் எஸ்தோனிய மொழி படித்து 1962-இல் பட்டம் பெற்றார். பிறகு அங்குள்ள இலக்கிய அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவருக்காக ஒரு புதையல் காத்திருந்தது. 1888-இல் யாக்கோப் ஹுர்த் என்ற பாதிரியார், "உங்கள் ஊர்ப் பாட்டு, கதை, விடுகதை, பழமொழி எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்" என்று பத்திரிகை வழியே மக்களைக் கேட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதி அனுப்ப, ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எழுதியவர்களில் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களும் உண்டு என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது!

ஹுர்த்துக்குப் பின்னும் பலர் சேர்த்த பழமொழிகளை எல்லாம் கிரிக்மனும் தோழர்களும் வருஷக்கணக்காக உட்கார்ந்து பிரித்தார்கள். ஒரே பழமொழி ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று பார்த்து வரிசைப்படுத்தினார்கள். 1980 முதல் 1988 வரை ஐந்து புத்தகங்களாக வந்தது. சுமார் 15,000 பழமொழிகள். நினைத்துப் பாருங்கள், கம்ப்யூட்டர் வீட்டுக்கு வராத காலம்.

இவ்வளவையும் கையில் வைத்திருந்தவர், பழமொழிக்கு இதுதான் பொருள் என்று அடித்துச் சொல்லியிருப்பார் என்றுதானே நினைப்போம்? அவர் சொன்னது நேர்மாறு. தனியே எழுதி வைத்த பழமொழிக்குத் திட்டவட்டமான பொருள் கிடையாது. யார், யாரிடம், எந்த நேரத்தில், எதற்காகச் சொல்கிறார்கள் என்பதில்தான் அது முடிவாகிறது என்று 1970-களிலேயே எழுதினார்.

அவர்கள் ஊர்ப் பழமொழி ஒன்று: மெல்லத் துடுப்புப் போட்டால் வெகுதூரம் போகலாம். அவசரக்காரனிடம் சொன்னால் அது புத்திமதி. தளர்ந்துபோனவரிடம் சொன்னால் ஆறுதல். சோம்பேறியிடம் சொன்னால் குத்தல். வார்த்தை ஒன்றுதான்.

பிற்காலத்தில் அவர் நகைச்சுவையையும் ஆராய்ந்தார். ஸ்டாலினைப் பற்றி இணையத்தில் உலவிய சிரிப்புத் துணுக்குகளைத் திரட்டி 2004-இல் புத்தகமாக்கினார். 2017-இல் காலமானார்.

இனி என் கதை. பல வருஷங்களுக்கு முன் ஒரு காலாண்டுத் தேர்வு. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பதற்கு விளக்கம் கேட்டிருந்தேன். எல்லோரும் நான் எழுதிப்போட்டதையே எழுதினார்கள். ஒரு பெண் மட்டும், "கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருக்கலாம். யாராவது போய்ப் பார்த்தார்களா?" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெரிய முட்டை போட்டேன். போதாததற்கு வகுப்பில் வாசித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவும் வைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. நோட்ஸில் இருப்பது அப்படியே விடைத்தாளுக்கு வந்தது. நானும் 'திருந்திவிட்டாள்' என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த வீட்டில் அவளுக்கு எந்தக் கூடம் கோணலாக இருந்ததோ, நான் கேட்கவே இல்லை.

15,000 பழமொழி பார்த்த மனிதர் தயங்கிய இடத்தில், நாலு பழமொழி தெரிந்த நான் தயங்கவில்லை. அம்மா, நீ இதைப் படித்தால், அன்றைக்கு உனக்கு முழு மதிப்பெண் தந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை போடுவதற்கு முன் ஒருமுறை போய்க் கூடத்தைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்