பூனைக்குச் சொல்வது

சுபஹ் தொழுதுவிட்டு வந்து லெப்டொப்பைத் திறந்தால், திரையில் நான் எழுதாத ஒரு வரி கிடந்தது. ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள், ஒரே எழுத்து நாற்பது ஐம்பது தடவை. எழுதியவர் மேசை ஓரத்தில் குந்தியிருந்து முன்காலை நக்கிக்கொண்டிருந்தார். அழிக்குமுன் சும்மா அந்த வரியைப் பாமினிக்கு மாற்றிப் பார்த்தேன். தமிழாகிவிட்டது. மமமம, டடட, வரிசையாய்ப் புள்ளிகள், நடுவே சுத்தமாக ஒரு 'மட்'.

இலங்கையில் தமிழ் தட்டச்சுச் செய்தவர்களுக்கு இதில் அதிசயம் இராது. பாமினி எழுத்துருவில் எழுதிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பூனை நடந்துபோன மாதிரித்தான் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். தமிழ் மேலே போட்ட சட்டை மட்டும். வலக்கை விரல்கள் இளைப்பாறும் இடத்தில் ம, ட, புள்ளி மூன்றும் அடுத்தடுத்த விசைகள். ஒரு பாதம் இடமிருந்து வலமாக வழுக்கினால் 'மட்' பிறந்துவிடும். முகமட், அகமட் என்று எங்கள் பக்கத்தில் எத்தனை பேரின் பெயர் அந்த வாலில் முடிகிறது! அந்தப் புள்ளி விசைதான் ஆங்கிலத்தில் அரைப்புள்ளி. நிரல்மொழிகள் பலவற்றில் வாக்கியத்தை முடித்து வைப்பதும் அதுவே. இரவிரவாக நான் தேடும் பிழைகளில் கால்வாசி அதை மறந்ததால் வருபவை. பூனை ஒரு நாளும் மறந்ததில்லை.

நான் கணினி படித்தவன் அல்ல. பகலில் கல்முனையில் கணக்கெழுதுகிறேன். இரவில் நிரல் எழுதுகிறேன். யாரும் கேட்டதில்லை, யாரும் காசு தருவதுமில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோதும் விடவில்லை. குப்பி விளக்கில் கொப்பியில் எழுதி, மின் வந்ததும் தட்டிக்கொள்வேன். விரித்த கொப்பியில் எந்தப் பக்கம் எழுதப்படாமல் இருக்கிறதோ, அதில்தான் பூனை படுக்கும்.

அந்தப் பூனை வந்தது ஒரு மாரிக்காலத்தில். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்து, நாவிதன்வெளிப் பக்கம் போக்குவரத்து நின்றுபோன கிழமை. நனைந்து, உள்ளங்கை அளவில், வாசற்படியில் நின்று கத்தியது. உள்ளே எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க எனக்கு உரிமை கிடையாது. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். இது என் மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு. அதாவது மாமியின் வீடு. பூனையைப் போல நானும் வெளியிலிருந்து வந்தவன்தான். எனக்கு ஒரு மேசை கிடைத்தது, அதற்கு ஒரு சாக்கு. பிறகு மேசையும் அதற்கே போனது. பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை. பிள்ளைகள் மூவருக்கும் ஒத்துவரவில்லை.

மாமி என்னோடு நேரே அதிகம் பேசுவதில்லை. அது கோபமல்ல, அந்தக் காலத்து மரியாதை. முன்பு மகளிடம் சொல்லி அனுப்புவார். இப்போது பூனையிடம் சொல்கிறார். "ராவு ராவாக் கண்ண முழிச்சுக்கிட்டிருந்தா ஒடம்பு என்னத்துக்காகும்?" என்று நடுச்சாமத்தில் குசினியிலிருந்து அதட்டுவார். பூனை அப்போது என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

பூனைத் தட்டச்சைப் பிடிக்க ஒரு மென்பொருளே உண்டு. அமெரிக்காவின் டூசானில் கிறிஸ் நிஸ்வாண்டர் என்பவர் எழுதிய போசென்ஸ். சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் இக்நோபல் பரிசு 2000இல் அதற்குக் கிடைத்தது. மனிதர் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டுவோம். பாதம் பக்கத்துப் பக்கத்து விசைகளைச் சேர்த்து அமுக்கும். அந்த வித்தியாசத்தை வைத்து நானும் முப்பது வரியில் ஒன்று எழுதினேன். முதலில் அகப்பட்டவள் என் கடைசி மகள்.

பூனையை வேலைக்கே சேர்த்துக்கொண்டவரும் இருக்கிறார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன், 1975இல் தனியாக எழுதிய ஆய்வுக் கட்டுரையில் பழக்கதோஷத்தால் தன்னைப் பன்மையில் குறிப்பிட்டுவிட்டார். ஒருவர் எழுதியதில் பன்மை இருந்தால் இதழ் ஏற்காது என்று நண்பர் எச்சரித்தார். தட்டச்சுப்பொறிக் காலம், முழுவதையும் திரும்ப அடிக்க அலுப்பு. தன் சியாமீஸ் பூனை செஸ்டரை எஃப். டி. சி. வில்லர்ட் என்ற பெயரில் இணையாசிரியராக்கினார். 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' அதை அச்சிட்டது. தமிழில் எழுதியிருந்தால் அந்த மனிதர் இன்னும் திண்டாடியிருப்பார்: நாமா, நாங்களா?

என் நிரலுக்கு வருகிறேன். எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவின் சந்தாப் பட்டியல் பாமினியில் கிடந்தது. அதை யுனிகோடுக்கு மாற்றுவதுதான் என் இரவு வேலை. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாதா என்றால், போதாது. பாமினியில் ஐகாரக் கொம்பை முதலில் தட்டி மெய்யைப் பிறகு தட்டுவோம், கையால் எழுதுகிற ஒழுங்கில். யுனிகோடில் மெய் முன்னே, குறி பின்னே. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் நிற்கும் துண்டுகளைப் பிடுங்கி ஒரே குறியாக்கிப் பின்னால் வைக்கவேண்டும். 'பூனை' நமக்கு இரண்டெழுத்து, யுனிகோடுக்கு நான்கு குறியீடு. எங்கள் ஊர் நற்பிட்டிமுனை நமக்கு ஏழு, அதற்குப் பதின்மூன்று. ஊரின் பெயரைத் தலைகீழாக்கச் சொன்னேன். குறிகளெல்லாம் தம் மெய்யை விட்டுக் கழன்று பக்கத்து மெய்யில் ஒட்டிக்கொண்டன; முன்னால் வந்துவிட்ட ஐகாரக் கொம்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

அதெல்லாம் இரண்டு மாதத்தில் சரியாயிற்று. சரிவராதது பெயர்கள். ஒரே மனிதர் ஒரு வருடம் முகம்மது, மறு வருடம் முஹம்மத், அதற்கடுத்து முகமட். எழுதியவரின் கைப்பழக்கம். இவை மூன்றும் ஒருவரா மூவரா என்று சொல்ல எந்த விதி வைத்தாலும், வேறெங்கோ வாப்பாவையும் மகனையும் ஒருவராக்கிவிடுகிறது.

ஒரு நாள் அஸருக்கு வுழூ எடுக்க வைத்திருந்த வாளியில் பூனை வாய் வைத்தது. மகள் கத்தினாள். மாமி பேசாமல் வாளியை இன்னும் கொஞ்சம் சரித்துக் கொடுத்தார். நபித்தோழர் அபூ கதாதா (ரழி) செய்ததும் அதுதான். வுழூத் தண்ணீரைத் தேடிவந்த பூனைக்கு அவர் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்ததை, மகனின் மனைவி கப்ஷா வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபிகள் சொன்னதை அபூ கதாதா மருமகளுக்கு எடுத்துச் சொன்னார். மதரசாவில் படித்த ஹதீஸ்தான். மாமனார், மருமகள், நடுவில் ஒரு பூனை என்பது இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது.

தண்ணீர் குடித்த வாயோடு பூனை நேரே மேசையில் ஏறியது. துரத்திக்கொண்டு வந்த மாமி திரையைப் பார்த்துவிட்டார். ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று பெயர்கள், ஒரே வாப்பா பெயர், ஒரே ஒழுங்கை.

"மூணும் ஒராள்தான், கண்டியா," என்றார் பூனையிடம். "அவர் மௌத்தாகி ஆறு வருஷம். சந்தாவ ஆருக்கிட்டப் போய்க் கேக்கப் போறாங்க?"

பூனை காதை மட்டும் திருப்பியது. நான் இரண்டு வரிகளை அழித்தேன். மூன்றாவதை அழிக்கக் கை வரவில்லை. என் பட்டியலில் பெயர், முகவரி, தொகை என்று மூன்று நெடுவரிசைகள்தான் இருந்தன. நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன். மாமி பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பெயரைப் பார்க்க நின்றார்.