மரத்து மேல வீடு, கீழ நான்!

பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் தாண்டினா பரம்பிக்குளம். கேரளக் காடுதான், ஆனா ரோடு நம்ம ஊர் வழியாத்தானுங்க! தூணக்கடவுல வனத்துறையோட மர வீட்டைப் படம் பிடிக்க, சித்தப்பாகிட்ட கெஞ்சி வாங்கின கேமராவோட போனேன்.

அண்ணாந்து எடுத்த படமெல்லாம் சொதப்பல். வானம் பளிச், வீடு கரிக்கட்டை! வானம் வெளுத்தாலும் பரவால்லைன்னு நிழலுக்கு லைட் அளந்தேன். வீடு தெரிஞ்சுது. கூடவே ஒரு உறுத்தல்.

வெட்டின தேக்கைச் சரிவுல உருட்டிவிட்ட இடம்கிறதாலதான் அது 'டாப்ஸ்லிப்'. மொட்டையான காட்டுல மறுபடி தேக்கு வளர்த்தவர் ஹியூகோ வுட். 1933-ல் இறந்தவரோட கல்லறையும் அந்த மரங்களுக்கு நடுவுலதான்.

கடைசிப் படத்துல வீடு ஓரமா, சின்னதா. மிச்சமெல்லாம் வெட்டாம நிக்கிற மரங்க. ஃப்ரேம்ல அதுகளுக்குத்தானே இடம் ஜாஸ்தி வேணும் மக்களே?