கொரில்லாவும் செங்கல் சூளையும்



போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டும். கவனமாக எண்ணினேன். விடை சரி. "தாத்தா, நடுவுல வந்த கொரில்லாவைப் பாத்தீங்களா?" என்றாள். மறுபடி போட்டாள். கொரில்லா வேஷக்காரர் ஒருவர் நிதானமாக வந்து, மார்பில் தட்டிக்கொண்டு போகிறார்!

ஹார்வர்டில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் நடத்தி 1999-ல் வெளியிட்ட ஆய்வு இது. பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் என்னைப் போலத்தான்.

வயசுக் கோளாறு என்று நினைக்காதீர்கள். 2013-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படத்துக்குள் ஒரு கொரில்லா உருவத்தை வைத்தார்கள். மருத்துவர்கள் தேடிய கட்டிகளைவிட அது 48 மடங்கு பெரிது. 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் கவனிக்கவில்லை. அவர்களில் பலருடைய பார்வை அதன் மேலேயே விழுந்திருக்கிறது. கண் பார்த்ததை, தேடும் வேலைக்கு வேண்டாதது என்று மனம் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளாவிட்டால் எந்த வேலையும் ஓடாது என்பதும் உண்மை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஒரு பழைய மாணவன். சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். ஹாலோ பிளாக் தொழில் செய்கிறான். "ஐயா, ஏழாம் வகுப்புல 'செங்கள் சூளை'ன்னு எழுதினேன். சிவப்பு மையில வட்டம் போட்டு 'செங்கல்'னு திருத்தினீங்க. இன்னிக்கு வரைக்கும் அதுல தப்பு வரலை" என்று சிரித்தான்.

'விடுமுறை நாள்' கட்டுரை அது. லீவு முழுக்க அப்பாவோடு சூளையில் கல் அறுத்ததை எழுதியிருந்தானாம். லகர ளகரப் பிழை தேடிய எனக்கு அது தெரியவே இல்லை. அரையாண்டுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் பெயரை அடித்தேன். ஏன் என்று வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை.

அவனுக்கு என்மேல் கோபமில்லை. எனக்குத்தான் இருக்கிறது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நோட்டுத் திருத்த உட்கார்ந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு ஒருமுறை சும்மா வாசியுங்கள். பிழை எங்கும் ஓடிவிடாது, அப்புறம் திருத்தலாம்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா